சாப்பாட்டு ஜெபமும் சாவு மணியும்

கிறிஸ்தவ வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரப்படும் முதல் பாடங்களில் ஒன்று, சாப்பிடும் முன் கண்ணை மூடி நன்றி சொல்வது. இரண்டு வரி ஜெபம்தான். ஆனால் பசி வயிற்றைக் கிள்ளும்போது, எதிரில் பிரியாணி ஆறிக்கொண்டிருக்கும்போது, அந்த இரண்டு வரி இருநூறு வரியாகத் தெரியும் என்பது வேறு விஷயம்!

எல்லாம் நன்றாக இருக்கும்போது நன்றி சொல்வதில் பெரிய சிரமம் இல்லை. மார்க் ஷீட் கையில் வந்தால் ஸ்தோத்திரம், வேலை கிடைத்தால் ஸ்தோத்திரம். ஆனால் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் கடிதத்தில் எந்த நிலைமையிலும் நன்றி சொல்லச் சொல்கிறார். இது நடக்கிற காரியமா? வீட்டில் சாவு விழுந்திருக்கும்போது, தெருவில் பட்டினிக் கூட்டம் நிற்கும்போது, அதே ஜெபத்தை அதே வாயால் சொல்ல முடியுமா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் சபைகளில் ஒரு கதை சொல்வார்கள். ஜெர்மனியில் ஒரு போதகர், முப்பது வருஷப் போரின் நடுவில், கொள்ளை நோயில் ஆயிரக்கணக்கான பேரை அடக்கம் செய்துவிட்டு, மனைவியையும் புதைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து உட்கார்ந்து உலகப் புகழ் பெற்ற ஒரு நன்றிப் பாட்டை எழுதினார் என்று. உருக்கமான கதை. அதில் பாதி உண்மை. உண்மையில் நடந்தது கதையைவிடக் கனமானது, அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

அந்தப் போதகரின் பெயர் மார்ட்டின் ரிங்கார்ட். 1586-ல் சாக்சனி நாட்டில், முல்டே ஆற்றங்கரையில் இருக்கும் ஐலன்பர்க் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். லைப்சிக் நகரத்துக்குப் பக்கத்து ஊர்தான். அப்பா மரப் பீப்பாய் செய்பவர். பையனுக்கு நல்ல குரல், சங்கீத ஞானம் இருந்தது. அதனால் லைப்சிக்கின் புனித தாமஸ் பள்ளியில் பாடகர் குழுவில் இடம் கிடைத்தது. (ஆமாம், நூறு வருஷம் கழித்து பாக் இசை ஆசிரியராக இருந்தாரே, அதே பள்ளி.) லைப்சிக் பல்கலைக்கழகத்தில் இறையியல் படித்தார். ஐஸ்லேபன் வட்டாரத்தில் சில வருஷம் ஊழியம் செய்துவிட்டு, 1617-ல் சொந்த ஊருக்கே போதகராகத் திரும்பினார்.

1617! வருஷத்தைக் கவனியுங்கள். அடுத்த வருஷம் மே மாதம் பிராக் நகரில் பேரரசரின் அதிகாரிகளை மாளிகை ஜன்னல் வழியாக வெளியே தூக்கிப் போட்டார்கள். அதில் ஆரம்பித்த சண்டைதான் 1648 வரை இழுத்துக்கொண்டே போன முப்பது வருஷப் போர். ரிங்கார்ட் ஐலன்பர்க்கில் ஊழியம் செய்தது ஏறக்குறைய அந்தப் போர்க்காலம் முழுவதும்.

போர் என்றவுடன் கத்தோலிக்கர் ஒரு பக்கம், புராட்டஸ்டண்டுகள் ஒரு பக்கம் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆரம்பத்தில் ஓரளவுக்கு அப்படித்தான். போகப் போக யார் யார் பக்கம் என்பதே குழப்பம். சாக்சனியை எடுத்துக்கொள்ளுங்கள். லூத்தரின் நாடு. 1631-ல் ஸ்வீடனோடு சேர்ந்து பேரரசரை எதிர்த்தது. 1635-ல் பேரரசரோடு சமாதானம் செய்துகொண்டது. நேற்று வரை நண்பனாக இருந்த ஸ்வீடன் படை இன்று எதிரி. ஸ்வீடன்காரர்களும் லூத்தரன்கள்தான், சாக்சனிக்காரர்களும் லூத்தரன்கள்தான். இரண்டு பேரும் படிப்பது ஒரே ஞானோபதேசம். ஆனாலும் ஸ்வீடன் தளபதி பானேரின் படை 1637-ல் சாக்சனியைச் சூறையாடியபோது அந்த ஒற்றுமையால் யாருக்கும் ஒரு பிடி தானியம்கூட மிஞ்சவில்லை.

ஐலன்பர்க் மதில் சூழ்ந்த ஊர். மதில் இருந்தால் பாதுகாப்பு என்று சுற்றுப்புற கிராம மக்கள் மாடு கன்றோடு உள்ளே வந்து குவிந்தார்கள். கூட்டம், அழுக்கு, பட்டினி. 1637-ல் கொள்ளை நோய் புகுந்தது. எந்த மதில் பாதுகாப்பு என்று நம்பினார்களோ அதுவே கூண்டாகிவிட்டது. அந்த ஒரே வருஷத்தில் அகதிகளையும் சேர்த்து சுமார் 8,000 பேர் இறந்ததாகக் கணக்கு.

ஊரில் இருந்த மற்ற போதகர்கள்? தலைமைப் போதகர் ஊரை விட்டுப் போனவர் திரும்பவில்லை. மற்ற இருவர் நோயில் இறந்துபோனார்கள். அவர்களையும் ரிங்கார்ட்தான் அடக்கம் செய்தார். ஊருக்கு மிச்சம் இருந்தது ஒரே போதகர். சில நாட்களில் 40, 50 பேருக்கு அவர் அடக்க ஆராதனை நடத்தினார். மொத்தம் 4,480 பேர் என்று சொல்லப்படுகிறது. வருஷம் முழுக்கச் சராசரி போட்டாலும் தினம் 12 அடக்கம் வருகிறது. பிறகு அதுவும் முடியாமல், அகதிகளைச் சடங்கு எதுவும் இல்லாமல் பள்ளம் வெட்டிப் புதைத்தார்கள். மே 8-ம் தேதி அவருடைய மனைவி கிறிஸ்டினாவும் இறந்தார். அவருக்கு மட்டும் நோய் ஒட்டவே இல்லை.

நோய் ஓய்ந்ததும் பஞ்சம். செத்த பூனைக்கும் காக்கைக்கும் தெருவில் முப்பது நாற்பது பேர் அடித்துக்கொண்டார்கள் என்று குறிப்பு இருக்கிறது. ரிங்கார்டின் வீட்டு வாசலில் எப்போதும் பட்டினிக் கூட்டம். தன் பிள்ளைகளுக்கு உயிர் பிழைக்கத் தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்தார். அப்படியும் போதவில்லை. வரப்போகும் சில வருஷச் சம்பளத்தை அடகு வைத்துக் கடன் வாங்க வேண்டியதாயிற்று. தானம் செய்து பெயர் வாங்கினவர்கள் நிறைய பேர் உண்டு. இன்னும் சம்பாதிக்காத பணத்தையும் அடகு வைத்தவர்கள் குறைவு. பேலன்ஸ் ஷீட்டில் எழுதினால் இந்த ஆளுக்குச் சொத்துப் பக்கம் காலி, கடன் பக்கம் மட்டும் நிறைந்திருக்கும்.

1639 பிப்ரவரியில் மறுபடியும் ஸ்வீடன் படை வாசலில். ஊரைக் கொளுத்தாமல் விட வேண்டுமென்றால் 30,000 தாலர் கொடுக்க வேண்டும். செத்துக்கொண்டிருக்கும் ஊரில் 30,000 தாலருக்கு எங்கே போவது? ரிங்கார்ட் தளபதியிடம் போய்க் கெஞ்சினார். மறுத்துவிட்டார்கள். மனுஷரிடம் இரக்கம் இல்லை, கடவுளிடம் போவோம் என்று சொல்லி ஊர் மக்களைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார், எல்லோரும் முழங்காலில் நின்று பாடியதைக் கேட்டுத் தளபதியின் மனம் இளகியது என்று சொல்வார்கள். மனம் இளகியதோ, இந்த ஊரில் இதற்கு மேல் தேறாது என்று கணக்குப் போட்டார்களோ, தொகை கடைசியில் 2,000 கில்டராகக் குறைந்தது. சாக்சனியில் ஒரு தாலருக்கு 24 க்ரோஷன், ஒரு கில்டருக்கு 21 க்ரோஷன். அந்தக் கணக்கில் 2,000 கில்டர் என்பது 1,750 தாலர். கேட்டதில் ஆறு சதவீதம்கூட இல்லை. பேரம் என்றால் இது பேரம்!

இப்போது பாட்டுக்கு வருவோம்.

எல்லோரும் கடவுளுக்கு நன்றி சொல்லுங்கள் என்று தொடங்கும் அந்த ஜெர்மன் பாட்டில் மூன்றே சரணங்கள். முதல் சரணம், தாயின் வயிற்றிலிருந்து இன்று வரை செய்த நன்மைகளுக்கு நன்றி. இரண்டாவது, உயிரோடு இருக்கும் வரை மகிழ்ச்சியான மனமும் சமாதானமும் வேண்டும் என்ற வேண்டுதல். மூன்றாவது, திரித்துவத் துதி. முதல் இரண்டு சரணங்களும் சீராக் நூலின் 50-ம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை ஒட்டி எழுதப்பட்டவை. (தமிழ்ப் புராட்டஸ்டண்ட் பைபிளில் இந்தப் புத்தகத்தைத் தேடினால் கிடைக்காது. கத்தோலிக்கப் பைபிளில் இருக்கிறது. லூத்தர் இதை வேதத்துக்குச் சமமாக வைக்கவில்லை, ஆனால் படிக்கப் பயனுள்ளது என்று தன் 1534 பைபிளில் தனியே சேர்த்தார்.)

இதை எழுதியது எப்போது? போர் முடிந்த சந்தோஷத்தில், 1648 சமாதான உடன்படிக்கைக்காக எழுதினார் என்பது ஒரு கதை. அது நடக்க வாய்ப்பே இல்லை. பெர்லினில் இருந்த ஜோஹன் க்ரூகர் என்ற இசை அமைப்பாளர் 1647-லேயே இந்தப் பாட்டை மெட்டோடு தன் பாட்டுப் புத்தகத்தில் அச்சிட்டுவிட்டார். இன்றைக்கும் உலகம் பாடுவது அந்த மெட்டுதான். உடன்படிக்கை கையெழுத்தானது 1648 அக்டோபரில்.

அப்படியென்றால் கொள்ளை நோய்க்குப் பிறகு, 1637-ல் எழுதியதா? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. ரிங்கார்ட் வெளியிட்ட ஜெபப் புத்தகம் ஒன்று உண்டு. அதன் முதல் பதிப்பு 1636 என்று சொல்லப்படுகிறது. அந்தப் பதிப்பின் ஒரு பிரதிகூட இன்று இல்லை. 1663-ல் வந்த மறுபதிப்பு கிடைத்திருக்கிறது. அதில் இந்தப் பாட்டு இருக்கிறது. மறுபதிப்பில் இருப்பதால் முதல் பதிப்பிலும் இருந்திருக்கும் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1630-ல் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் நூற்றாண்டு கொண்டாடப்பட்டதே, அதையொட்டி எழுதியிருக்கலாம் என்றும் ஒரு கருத்து உண்டு. எப்படிப் பார்த்தாலும் பாட்டு கொள்ளை நோய்க்கு முந்தியது என்பதற்கே வலு அதிகம்.

அதைவிட முக்கியமானது அந்த 1663 பதிப்பில் பாட்டுக்குத் தலையில் போட்டிருக்கும் தலைப்பு. வெற்றிப் பாட்டு என்றோ, சமாதானப் பாட்டு என்றோ, துன்பத்தில் ஸ்தோத்திரம் என்றோ அதில் இல்லை. "சின்ன மேஜை ஜெபம்". அவ்வளவுதான். அதாவது சாப்பாட்டு ஜெபம்!

லூத்தரன் வீடுகளில் இது புதிய பழக்கமும் இல்லை. லூத்தர் 1529-ல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தின் கடைசியில் வீட்டுத் தலைவர் தன் வீட்டாருக்குச் சொல்லித் தர வேண்டிய ஜெபங்கள் இருக்கின்றன. காலையில் ஒன்று, இரவில் ஒன்று, சாப்பாட்டுக்கு முன் ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் ஒன்று. பிள்ளைகளும் வேலைக்காரர்களும் கைகூப்பி மேஜைக்கு வந்து சங்கீதத்திலிருந்து சில வசனங்களையும் கர்த்தர் கற்பித்த ஜெபத்தையும் சொல்ல வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் மறுபடியும் அதே மாதிரி. நம் ஊரில் முன் ஜெபம் நிலைத்துவிட்டது, பின் ஜெபம் பல வீடுகளில் கைகழுவும்போதே போய்விட்டது. ஆனால் பழைய வழக்கத்தில் பின் ஜெபம்தான் மூத்தது. உபாகமம் 8-ம் அதிகாரத்தில் இஸ்ரவேலருக்குச் சொன்னது, சாப்பிட்டுத் திருப்தியான பிறகு கடவுளை வாழ்த்தச் சொல்லித்தான். யூதர்கள் இன்றும் சாப்பாட்டுக்குப் பின் நீண்ட ஜெபம் சொல்கிறார்கள். பசியில் கேட்பதற்கு யாரும் சொல்லித் தர வேண்டாம், வயிறு நிறைந்த பிறகுதான் மறதி வரும் என்று தெரிந்தவர்கள் போட்ட ஒழுங்கு இது.

ரிங்கார்டின் பாட்டு இந்த வரிசையில் வந்தது. தினமும் மேஜையைச் சுற்றி நின்று பாட ஒரு சின்னப் பாட்டு. இதில் பெரிய சோகமோ, மகா வீரமோ எதுவும் இல்லை.

"அப்படியானால் அந்த உருக்கமான கதை பொய்யா? சாதாரணச் சாப்பாட்டுப் பாட்டுதானா?" என்று ஏமாற்றம் அடைபவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். துக்கத்தின் உச்சியில் ஒரு கவிஞனுக்கு ஒரு நாள் ஆவேசம் வந்து ஒரு பாட்டு பிறப்பது அபூர்வமான ஒன்றல்ல. கவிஞர்களுக்கு அது நடக்கும். ஆனால் பாட்டு முன்னமே வீட்டில் இருந்திருந்தால்? 1636-ல் அச்சான பாட்டு என்றால், 1637 மே 8-க்குப் பிறகும் அதே மேஜை, அதே பிள்ளைகள், அதே வரிகள். அம்மா உட்கார்ந்த இடம் மட்டும் காலி. தட்டில் இருப்பதும் குறைந்துகொண்டே வருகிறது. புதிதாக எழுத எதுவும் இல்லை, நேற்று சொன்னதை இன்று சொல்ல வேண்டும். அந்த மேஜையில் அன்றைக்கு அதைப் பாடினார்களா இல்லையா என்பதற்குக் குறிப்பு ஏதும் இல்லை. 

ஒரு பக்கம் 4,480 அடக்கம், மறு பக்கம் மூன்று சரண நன்றிப் பாட்டு. இரண்டையும் சேர்த்து வைத்து "பார், துன்பத்திலும் எப்படிச் சிரித்தார்" என்று பிரசங்கம் செய்வது சுலபம். ரிங்கார்ட் சிரித்தாரா என்பது யாருக்குத் தெரியும்? நோய்க்கு நன்றி என்றோ, மனைவி இறந்ததற்கு நன்றி என்றோ அந்தப் பாட்டில் ஒரு வார்த்தையும் இல்லை. வேண்டுதல் இருக்கிறது. சமாதானம் கொடு, சங்கடத்திலிருந்து விடுவி என்று கேட்கிறது. சமாதானம் இருக்கும் இடத்தில் யாரும் சமாதானம் கேட்பதில்லை. நன்றி என்றால் வலியை மறைத்துக்கொண்டு பேசுவது என்று நினைப்பவர்கள் இரண்டாவது சரணத்தை மட்டும் தனியே படித்தால் போதும்.

ரிங்கார்ட் 1649 டிசம்பரில் இறந்தார். முப்பது வருஷம் காத்திருந்த சமாதானத்தை ஒரு வருஷத்துக்குச் சற்று மேல் பார்த்தார்.

அதற்குப் பிறகு பாட்டுக்கு நடந்தது இன்னொரு சரித்திரம். 1725-ல் லைப்சிக்கில் பாக் சீர்திருத்தத் திருநாள் கான்டாட்டாவில் இதைச் சேர்த்தார். 1840-ல் அதே லைப்சிக்கில் அச்சுக்கலையின் நானூறாவது ஆண்டு விழாவுக்காக மெண்டல்சன் எழுதிய சிம்பொனியில் இது வந்தது. கேத்தரின் விங்க்வொர்த் என்ற பெண்மணி 19-ம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார், அது உலகம் சுற்றியது. ஜெர்மன் ஞானப்பாட்டுகள் தமிழுக்கு வந்த வழி அதைவிடப் பழையது. சாக்சனியிலேயே பிறந்த சீகன்பால்க் 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கினார். அந்த மிஷனின் வழியில் பின்னால் வந்த பப்ரிசியுஸ் ஜெர்மன் பாட்டுகள் பலவற்றைத் தமிழாக்கினார். இன்றும் தமிழ் லூத்தரன் சபைகளில் அவை பாடப்படுகின்றன.

இதெல்லாம் நல்ல பக்கம். இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1757 டிசம்பர் 5 அன்று லாய்த்தன் போர்க்களத்தில் பிரஷ்யப் படை ஆஸ்திரியப் படையை முறியடித்தது. இரவு இருட்டில், பிணங்களுக்கு நடுவில், ஒரு சிப்பாய் இந்தப் பாட்டை ஆரம்பிக்க, படை முழுக்கச் சேர்ந்து பாடியதாம். இதில் எவ்வளவு பின்னால் சேர்த்தது என்று சந்தேகப்படுபவர்களும் உண்டு. ஆனால் அன்றிலிருந்து சாப்பாட்டு ஜெபத்துக்கு "லாய்த்தன் பாட்டு" என்று பெயர் ஒட்டிக்கொண்டது. 1914 ஆகஸ்ட் 1 அன்று முதல் உலகப் போருக்குப் படை திரட்டும் அறிவிப்பு வந்ததும் பெர்லின் அரண்மனை முன் கூடிய கூட்டம் பாடியது இதைத்தான். 1933 மார்ச் 21 அன்று போட்ஸ்டாம் கோயிலில் ஹிண்டன்பர்கும் ஹிட்லரும் கலந்துகொண்ட விழாவில் ஒலித்ததும் இதுதான். அந்நியப் படை தன் ஊரை மிரட்டியதைப் பார்த்த ஒருவர் எழுதிய வரிகள்! எவனோ தோற்றதற்காகச் சொல்லும் நன்றி, மேஜையில் சொல்லும் நன்றி அல்ல. சொற்கள் மட்டும் ஒன்றுதான்.

1955 அக்டோபரில் இன்னொரு முறை. சோவியத் சிறைகளில் பத்து வருஷமாக இருந்த கடைசி ஜெர்மன் கைதிகள், ஏறக்குறைய 10,000 பேர், தவணை தவணையாக விடுவிக்கப்பட்டு ஃப்ரீட்லாண்ட் முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். முகாமில் கூடியிருந்தவர்கள் இதைப் பாடினார்கள். வந்தவர்களில் போர்க் குற்றவாளிகளும் இருந்தார்கள், சாதாரணச் சிப்பாய்களும் இருந்தார்கள். கணவனையும் மகனையும் தேடி வந்த பெண்கள், கிடைக்காதவரின் போட்டோவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

ஐலன்பர்க் ஊர் 1945 ஏப்ரலில் அமெரிக்கப் பீரங்கிக் குண்டுகளில் பெரும்பகுதி அழிந்துபோனது. ரிங்கார்ட் ஊழியம் செய்த புனித நிக்கோலா கோயிலும் எரிந்தது. பிறகு திரும்பக் கட்டினார்கள். இன்றைய ஜெர்மன் புராட்டஸ்டண்ட் பாட்டுப் புத்தகத்தில் சாப்பாட்டு வேளைக்கும் அன்றாட ஆகாரத்துக்கும் என்று தனிப் பகுதியே உண்டு. ரிங்கார்டின் பாட்டு அந்தப் பகுதியில் இல்லை. 321-ம் எண்ணில், பொதுவான துதிப் பாட்டுகளோடு இருக்கிறது.